ஓட்டை வள்ளத்துச் சம்மாட்டி

ஸ்ரனிஸ்லஸ் பொம்மை சேர்க்கிறான் என்று ஊர் சொல்லிச் சிரித்தது. ஊர் வாயை உலைமூடியால் மூட முடியுமா? அவனும் மூடப் போகவில்லை. நந்திக்கடல் நீரேரியில் வலை வீசி இறால் பிடிக்கிறவன். கலியாணம் முடித்து ஒரு பெண்பிள்ளைக்குத் தகப்பனாகி, காதோரம் நரையும் தட்டியவன். அவனுடைய கொட்டிலில் திருஇருதயப் படத்துக்குக் கீழே ஒரு பலகைத் தட்டு இருந்தது. மற்ற வீடுகளில் அந்தத் தட்டில் விளக்கும் செபமாலையும் இருக்கும். இங்கே விளக்குக்கு இரண்டு பக்கமும் பிளாஸ்ரிக் ஆட்கள் நின்றார்கள். கையைத் தூக்கிவிட்டால் தூக்கினபடி நிற்பார்கள். இடுப்பைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தத்தோடு திரும்புவார்கள். ஒரு சாண் உயரம்கூட இல்லை. யாராவது பொம்மை என்றால் ஸ்ரனிஸ்லஸுக்குக் கோபம் வரும். “பொம்மை இல்லை, வள்ளத்து ஆக்கள்” என்பான்.

எந்த வள்ளம் என்று கேட்டால் முல்லைத்தீவுக் கரையில் மின்சாரம் இருந்த காலத்துக்குப் போகவேண்டும். தொண்ணூறாம் ஆண்டு ஆனி வரைக்கும் அது இருந்தது. அங்கே கடற்றொழிலாளர் சங்கக் கட்டடத்தில் ஒரு கலர் ரீவி. கிழமைக்கு ஒரு நாள் பின்னேரம் அதில் ஒரு பகிடிக் கார்ட்டூன் போகும். எந்த நாட்டில் வரைந்தார்களோ, பேச்சுச் சிங்களத்தில் இருக்கும். கரையில் பாதிப் பேருக்குச் சிங்களம் மீன் விற்கிற அளவுக்குத்தான் வரும். சிரிக்க அது போதுமாயிருந்தது. கார்ட்டூனின் மெய்யான பெயர் ஒருவருக்கும் தெரியாது. ‘ஓட்டை வள்ளம்’ என்று ஊரே பெயர் வைத்துக்கொண்டது.

ஓட்டை வள்ளத்தில் ஓட்டையை அடைக்க ஒருவருக்கும் நேரமில்லை. கடா ஒன்று வலையைத் தின்னும். சமையற்காரன் இன்னும் பிடிபடாத மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருப்பான். நித்திரைப் பெடியன் எந்தப் புயலுக்கும் எழும்ப மாட்டான். பாய்மரத்தில் குந்தியிருக்கிற கொக்கு எல்லாவற்றையும் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டும். சம்மாட்டியின் பெண்சாதி தூரக்கண்ணாடியால் மற்ற வள்ளங்களின் மீனைப் பார்த்துப் பெருமூச்சு விடுவாள். வள்ளத்தின் சொந்தக்காரரான சம்மாட்டியோ வள்ளத்து முன்முனையான அணியத்தில் நிற்பார். மஞ்சள் மழைக்கோட்டு, வெள்ளைத் தாடி, ஒரு கையில் துடுப்பு. மற்றக் கையை உயர்த்தி “அன்ன மாளு” என்பார். அந்தா மீன் என்று அர்த்தம். மீன் அந்தப் பக்கமே இராது, வள்ளம் போய்ப் பாறையில் முட்டும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சம்மாட்டியும் கடலைத்தான் ஏசுவார். எத்தனையோ கிழமை பார்த்தும் ஒரு நெத்தலி அந்த வள்ளத்தில் ஏறக் காணவில்லை.

கடலோடு மல்லுக்கட்டி வாழ்கிற சனத்துக்குத் தங்களைவிடக் கேடுகெட்ட ஒரு வள்ளத்தைக் காண்பது எவ்வளவு ஆறுதல். மண்டபம் அதிரச் சிரிப்பார்கள். கரைவலை வைத்திருந்த ஊரின் மெய்யான சம்மாட்டி மட்டும் சிரிக்காமல் உம்மென்று இருப்பார். அதைப் பார்த்து மற்றவர்கள் இன்னும் சிரிப்பார்கள். ஸ்ரனிஸ்லஸும் அவன் தம்பி றொமேஸும் எப்போதும் முன்வரிசை வாங்கில். தாய் தகப்பனைச் சின்ன வயதிலேயே இழந்த குடும்பம் அது. தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவன் ஸ்ரனிஸ்லஸ்தான். படம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் றொமேஸ் கையைத் தூக்கிக்கொண்டு சம்மாட்டி நடை நடப்பான். சந்தையால் வருகிற பெண்கள் கடகத்தை இறக்கிவைத்துச் சிரிப்பார்கள். அந்த நாட்களை நினைத்தால் ஸ்ரனிஸ்லஸுக்குப் பிறகும் நெஞ்சுக்குள் ஏதோ இளகும். வயிறு நிறையச் சாப்பிட்ட காலம் என்று சொல்ல முடியாது, வயிறு நோகச் சிரித்த காலம்.

ஆனியில் சண்டை மூண்டது. முல்லைத்தீவுப் பட்டினத்துச் சனம் கையில் அகப்பட்டதோடு கிளம்பி, நந்திக்கடலுக்கு மேற்குப் பக்கம் வந்து பனையோலைக் கொட்டில் போட்டது. ரீவியை ஒருவரும் தூக்கி வரவில்லை. தூக்கி வந்தாலும் கரண்ட் எங்கே இருந்தது? மண்ணெண்ணெய்க்கே போத்தலோடு வரிசையில் நின்ற காலம். அடுத்த வருசம் இரஞ்சிதத்தின் தாலிக்கொடி தவிர்ந்த நகைகளை விற்று றொமேஸைக் கனடாவுக்கு அனுப்பினார்கள். இரஞ்சிதம் ஸ்ரனிஸ்லஸின் மனைவி. நகை போனதற்கு அவள் ஒரு சொல் சொல்லவில்லை. வவுனியாவுக்குப் போகிறவர்களோடு றொமேஸ் லொறியில் ஏறியபோது ஸ்ரனிஸ்லஸ் அழவில்லை. அன்றைக்கு வலைக்குப் போய், வலையைத் தண்ணீரில் வீசாமல் கரையிலேயே இரண்டு தரம் வீசினான் என்று கூடப் போனவர்கள் சொல்வார்கள்.

முதல் ஆள் தொண்ணூற்றுமூன்றில் வந்தார். வவுனியாவுக்குப் போய்ச் சாமான் எடுத்துவருகிற வியாபாரி தவராசா ஒருநாள் கொட்டிலுக்கு வந்து, சவர்க்காரத்துக்கும் பல்பொடிக்கும் நடுவிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் ஆட்டுக்கடாவை எடுத்து நீட்டினார். வாயில் ஒரு துண்டு வலை கவ்வினபடி இருந்தது கடா.

“கனடாவாலை கொழும்புக்கு வந்து, அங்கையிருந்து என்ரை கைக்கு வந்தது” என்றார் தவராசா. “உங்கடை தம்பி பழைய சாமான் விக்கிற கடையொண்டிலை கண்டெடுத்தவராம். மற்ற ஆக்களையும் தேடுறாராம். ஆறு பேரும் சேந்த பிறகு தான் வந்து எல்லாரையும் வரிசையா நிப்பாட்டி, அண்ணாவோட இருந்து பாப்பாராம். அப்பிடியே சொல்லச் சொன்னவர்.”

“சோதனையிலை ஒண்டும் சொல்லேல்லையோ?”

“பற்றறி கொண்டுவரத் தடையெல்லோ, உள்ளை இருக்கோ எண்டு வயித்தை அமத்திப் பாத்தவங்கள். பிறகு ஒரு ஆமிக்காரப் பெடியனுக்கு ஆளைப் பிடிபட்டிட்டுது. மற்றவனைக் கூப்பிட்டு ‘அன்ன மாளு’ எண்டான். ரெண்டுபேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்கள். சிரிச்ச சிரிப்பிலை என்ரை மற்றச் சாமானை வடிவாப் பாக்கேல்லை. நீங்கள் இனியும் எடுப்பியுங்கோ அண்ணை, எனக்கு நல்ல ராசி.”

அன்றிலிருந்து ஸ்ரனிஸ்லஸுக்கு ஒரே பித்து. தவராசாவின் சைக்கிள் மணி கேட்டால் வலையைப் போட்டுவிட்டு ஓடிவருவான். அங்கே ரொறொன்ரோவில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் கோப்பை கழுவுகிற தம்பி, ஞாயிறு லீவில் பழைய கடை பழைய கடையாக ஏறி இறங்கினான். இங்கே அண்ணன் காத்துக்கொண்டிருந்தான். அடுத்த மாரிக்குச் சமையற்காரன் வந்தான். பிறகு நித்திரைப் பெடியன். கொக்கு வரும்போது காலொன்று முறிந்து வந்தது. ஸ்ரனிஸ்லஸ் வலை பின்னுகிற தங்கூசி நூலால் அதை வரிந்து கட்டி, முன்னையைவிட உறுதியாக நிற்கவைத்தான். சம்மாட்டி பெண்சாதி தூரக்கண்ணாடியோடு வந்து சேர்ந்தாள். ஞாயிறு பூசைக்குப் பிறகு ஆட்களைத் தட்டிலிருந்து இறக்கி, கடகத்தைக் கவிழ்த்து வள்ளமாக்கி, ரீவி என்ற ஒன்றைக் கண்டிராத மகள் கிருசாந்தினிக்குப் பழைய கதைகளை நடத்திக் காட்டுவான். மகள் தொடக்கூடாது, பார்க்கலாம். அதில் அவன் கொஞ்சம் கஞ்சன்.

“கடல் வத்தினாக் கருவாடு தின்னலாமெண்டு கொக்கு காத்திருந்த கதைதான் இது” என்பாள் இரஞ்சிதம். “ஆறு பேர் சேந்தாத் தம்பி வந்திடுவானோ? விசாவும் பாஸும் இந்தக் கடாவோ குடுக்கப்போகுது?”

அவள் சொன்னது நியாயம். ஆனால் ஐந்து பேர் சேர்ந்துவிட்டார்களே. இன்னும் ஒரே ஒருவர்தான் பாக்கி. சம்மாட்டி வந்து அணியத்தில் நின்றால் றொமேஸ் வந்து பக்கத்தில் இருப்பான் என்று ஸ்ரனிஸ்லஸ் நம்பினான். அந்த நம்பிக்கையோடு யார் வழக்காடுவது?

சம்மாட்டி தொண்ணூற்றைந்து மார்கழியில் வந்தார், வந்த நேரம்தான் சரியில்லை. யாழ்ப்பாணத்துச் சனம் கடல்நீரேரி தாண்டி வன்னிக்குள் வந்து நிறைந்திருந்த மாதம் அது. ஓலையால் வேய்ந்த கோயிலில் நத்தார்க் குடில் கட்டுகிற முறை அந்த வருசம் இரஞ்சிதத்துடையது. வருசம் ஒரு வீட்டுக்கு என்று முறை. பட்டினத்துக் கோயிலிலிருந்து சாக்கில் சுற்றிக் கொண்டுவந்த சொரூபங்களை அவிழ்த்தபோது மாதா முழுசு, பாலன் முழுசு, சூசையப்பர் கழுத்தோடு இரண்டு துண்டு. சூசையப்பர் இல்லாத குடிலைக் கட்டினால் மற்ற வீட்டுப் பெண்கள் அடுத்த நத்தார் மட்டும் அதையே கதைப்பார்கள். அவள் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்த நேரத்தில்தான் தவராசா வந்து சம்மாட்டியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்ரனிஸ்லஸ் வலைக்குப் போயிருந்தான். இரஞ்சிதம் தாடியைப் பார்த்தாள். உயர்த்தின கையைப் பார்த்தாள். பிறகு மண்ணிற முந்தானைத் துண்டொன்றை வெட்ட உட்கார்ந்தாள்.

நத்தார்ப் பூசையை வெளிச்சம் இருக்கும்போதே வைத்தார்கள். ஸ்ரனிஸ்லஸ் பாலனை முத்தமிடப்போய்க் குனிந்தவன் குனிந்தபடி நின்றான். மாதாவுக்குப் பக்கத்தில், மண்ணிறப் போர்வையும் தலைத்துண்டும் போர்த்து, துடுப்பை ஊன்றி, கையை உயர்த்தி ஆசீர்வதித்துக்கொண்டு சம்மாட்டி நின்றார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் தள்ளியபிறகுதான் அவன் நகர்ந்தான்.

கோயில் வாசலில் பங்குச் சுவாமி இரஞ்சிதத்தைக் கண்டு நின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக மாறி வந்தவர் அவர். “துடுப்புப் பிடிச்ச சூசையப்பரை நான் இப்பதான் காணுறன்” என்றார்.

“கடற்கரைச் சனத்தின்ரை சூசையப்பர், சுவாமி” என்றாள் அவள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

வீட்டுக்கு வரும் வழியில் ஸ்ரனிஸ்லஸ் பொரிந்து தள்ளினான். “எத்தினை வரியம் பாத்திருந்த ஆள். என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லாமல் குடிலிலை கொண்டுபோய் வைச்சிட்டீர்.”

“மூண்டு ராசாக்கள் திருநாள் முடிய எடுத்துத் தாறன். அதுமட்டும் வாயைத் திறவாதேங்கோ. தெரிஞ்சால் என்னைத்தான் சனம் காறித் துப்பும்.”

அவன் வாயைத் திறக்கவில்லை. கரையிலிருந்து வந்த சனம் முழுவதும் ஓட்டை வள்ளம் பார்த்த சனம்தான். யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்தான். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. போர்வை நல்லாய் மறைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

அந்த மாரியில் நத்தார் வரைக்கும் நந்திக்கடலில் இறால் படவில்லை. நத்தார் கழிந்த கிழமை பட்டது பாருங்கள், கூடை கொள்ளாமல். மாரிக் கடைசியில் இறால் படுவது புதினமா? காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது. ஆனால் பசித்திருந்த சனத்துக்குப் பனம்பழம் தெரியாது, காகம்தான் தெரியும். துடுப்புப் பிடித்த சூசையப்பர் வந்தார், இறால் வந்தது. மூன்று ராசாக்கள் திருநாளன்று குடிலைக் கலைத்தபோது தொழிலாளர்கள் மேளத்தோடு வந்து சூசையப்பரை ஊர்வலமாக எடுத்துப்போய், வள்ளம் கட்டுகிற துறையில் பூவரச மரத்தடியில் கண்ணாடிக் கூடொன்று செய்து அதற்குள் வைத்துவிட்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை எல்லாருக்கும் தெரியும். இது குரங்கு பிடிக்கப் பிள்ளையாராய் முடிந்த கதை. வாழ்நாளில் ஒரு நெத்தலி பிடித்தறியாத மனிதர் நந்திக்கடலின் மீன்பாட்டுக்குப் பொறுப்பாளரானார்.

இரஞ்சிதம் புருசனின் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். குளத்தின் கீழ் நெல்லுச் செய்கிற விமலேஸ்வரி, சைவக்காரி, வெள்ளிக்கிழமைகளில் செவ்வரத்தம்பூக் கொண்டுவந்து கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டுப் போவாள். அல்பேர்ட் என்ற தொழிலாளியின் மனைவி அற்புதம் நாள் தவறாமல் வருவாள். தொண்ணூற்றுமூன்றில் கடலுக்குப் போன அல்பேர்ட்டும் திரும்பவில்லை, அவனுடைய வள்ளமும் திரும்பவில்லை. அவள் வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவாள். தன் ஆளைத் திருப்பிக் கேட்க ஸ்ரனிஸ்லஸுக்கு எப்படி வாய் வரும்? வலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு போவான். தட்டில் ஐந்து பேர் நடுவில் ஒரு இடத்தை விட்டு நின்றார்கள்.

இடப்பெயர்வும் சண்டையுமாக வருசங்கள் போயின. றொமேஸிடமிருந்து செய்தி வருவது குறைந்து, பிறகு நின்றது. சம்மாட்டி அந்தத் தட்டில் இல்லாததால்தான் தம்பி வரவில்லை என்று சிலவேளை ஸ்ரனிஸ்லஸ் நினைப்பான். நினைத்துவிட்டுத் தன்னையே ஏசுவான்.

இரண்டாயிரத்தொன்றில் தவராசா செய்தியோடு வந்தார். றொமேஸுக்குக் கலியாணம். பொம்பிளை வவுனியாவுக்குப் பக்கத்துப் பூவரசங்குளம். மாப்பிள்ளை கனடாவிலிருந்து வவுனியா வந்து, ஒரு கிழமை நின்று, தாலியைக் கட்டிவிட்டுத் திரும்புகிறார். வன்னிக்குள் வர வழியில்லை. அண்ணா எப்படியாவது வந்து தன்னைக் காணவேண்டும்.

ஸ்ரனிஸ்லஸ் அலையாய் அலைந்து, வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுத்தான். புதுச் சேட்டு ஒன்று தைப்பித்தான். ஐந்து பேரையும் துடைத்து, பழைய துவாயில் சுற்றி, பால்மாப் பேணிக்குள் அடுக்கினான். பிறகு எழும்பிச் செருப்பைப் போட்டான்.

“எங்கை போறியள்?” என்றாள் இரஞ்சிதம்.

“துறைக்கு.”

“சூசையப்பரைக் களவெடுக்கப் போறியளோ?”

“என்ரை ஆளை நான் எடுக்கிறன். பத்து வரியத்துக்குப் பிறகு அவனைக் காணப்போறன். ஆறு பேரையும் அவனுக்கு முன்னாலை நிப்பாட்டாமல் நான் என்ன கையோட போறது?”

அவள் தடுக்கவில்லை. மத்தியான வெயிலில் துறையில் ஆளில்லை. வள்ளங்கள் கவிழ்ந்து கிடந்தன. ஸ்ரனிஸ்லஸ் கூட்டின் கொளுக்கியைக் கழற்றி, சம்மாட்டியை எடுத்தான். இத்தனை வருசத்தில் இப்போதுதான் முதல்முறை அவரைக் கையில் பிடிக்கிறான் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மெழுகுதிரிப் புகை படிந்த போர்வையை விலக்கினான். உள்ளே மஞ்சள் கோட்டு புதுக்கருக்கோடு இருந்தது.

“சம்மாட்டியை எங்கை தம்பி கொண்டுபோறாய்?”

அற்புதம் மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றாள். ஸ்ரனிஸ்லஸ் கள்ளனைப்போல் நின்றான். அவள் சூசையப்பர் என்று சொல்லவில்லை, சம்மாட்டி என்றாள்.

“அக்காவுக்குத் தெரியுமோ?”

“தெரியாமல்? நானும் சங்கத்திலை இருந்து பாத்தனான்தானே. கரையாலை வந்த சனம் எல்லாருக்கும் தெரியும். குடிலிலை கண்ட அண்டைக்கே தெரியும். இரஞ்சிதம் பாவம் எண்டுதான் ஒருத்தரும் கதைக்கேல்லை.”

அவனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. “பிறகேன் அக்கா நாளாந்தம் வந்து கும்பிடுறியள்?”

“சூசையப்பரைக் கும்பிட நான் கோயிலுக்குப் போறனான். இவரைப் பாக்க வாறது வேறை விசயம்.” அவள் கூட்டின் விளிம்பில் இருந்த பழம்பூவைத் தட்டிவிட்டாள். “கடைசியாப் போன அண்டைக்கும் என்ரை மனிசன் வள்ளத்திலை ஏறி நிண்டு இப்பிடித்தான் கையைத் தூக்கிக் காட்டினவர். பிள்ளையள் சிரிக்கவேணுமெண்டு. அவரைப் பிடிச்ச படமெல்லாம் பட்டினத்து வீட்டிலை கிடந்து போச்சு. ஒரு படமும் என்னட்டை இல்லைத் தம்பி. வரவர முகம் மறக்குது. இந்தக் கையைப் பாத்தாத்தான் வருகுது.”

ஸ்ரனிஸ்லஸ் சம்மாட்டியின் உயர்த்தின கையைப் பார்த்தான்.

“உன்ரை சாமான், நீ கொண்டு போ” என்றாள் அவள். “ஒருக்கால் தா, பாத்திட்டுத் தாறன்.”

அவன் கொடுத்தான். அவள் இரண்டு கையாலும் வாங்கி, நிழலில் பிடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள். அவன் வாங்கினான், போர்வையைச் சரியாகப் போர்த்தினான், கூட்டுக்குள் வைத்துக் கொளுக்கியை மாட்டினான். பேணியில் ஐந்து பேரோடு பூவரசங்குளம் போனான்.

றொமேஸ் ஊதிப்போயிருந்தான். முன்பக்கம் முடி கொட்டியிருந்தது. கட்டிப்பிடித்தார்கள், அழுதார்கள், பிறகு கதைக்க ஒன்றும் அகப்படாமல் கதிரைகளில் இருந்தார்கள். பயணம் எப்படி, குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்று வழிப்போக்கர்கள் மாதிரிக் கேட்டுக்கொண்டார்கள். பொம்பிளை வீட்டார் வந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். இந்தப் பெரிய மனிதனுக்குள் தன் தம்பி எங்கே இருக்கிறான் என்று ஸ்ரனிஸ்லஸுக்குத் தெரியவில்லை. அது அவனை வாட்டியது. கடைசியில் பேணியைத் திறந்து ஆட்களை மேசையில் நிறுத்தினான்.

றொமேஸ் ஒவ்வொருவராகப் பார்த்தான். “சம்மாட்டி எங்கை அண்ணா? வந்து சேரேல்லையோ?”

“வந்தவர்” என்றான் ஸ்ரனிஸ்லஸ். “துறையிலை நிக்கிறார். நந்திக்கடலிலை றால் படுறது இப்ப அவராலைதான். சனம் மெழுகுதிரி கொளுத்துது.”

றொமேஸ் அண்ணனின் முகத்தைப் பார்த்தான். பகிடி இல்லை என்று கண்டான். பிறகு அவனுக்குள் எங்கேயோ அடியிலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. மேசையில் அடித்துச் சிரித்தான், மூச்சு முட்டச் சிரித்தான், கண்ணைத் துடைத்துக்கொண்டு “சம்மாட்டியோ, றாலோ” என்று மறுபடியும் சிரித்தான். ஸ்ரனிஸ்லஸும் சிரித்தான். பத்து வருசமாகக் காணாமல்போன தம்பி அந்தச் சிரிப்பில்தான் வந்து சேர்ந்தான்.

குடில் கதை, இரஞ்சிதத்தின் முந்தானைத் துண்டு, விமலேஸ்வரியின் செவ்வரத்தம்பூ எல்லாம் சொன்னான். அற்புதத்தின் கதையையும் சொன்னான். றொமேஸின் சிரிப்பு நின்றது.

“அல்பேர்ட் அண்ணையோ? அவரெல்லோ எனக்கு நீச்சல் பழக்கினவர். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.”

“யாரிட்டைச் சொல்லிவிடுறது, என்னெண்டு சொல்லிவிடுறது?”

றொமேஸ் ஆட்களை ஒவ்வொன்றாகத் துவாயில் சுற்றிப் பேணிக்குள் வைத்தான்.

“கடலிலை சம்மாட்டியைத் தனிய விடக்கூடாது அண்ணா. இவையையும் கொண்டுபோய் அவரோட விடு.” நித்திரைப் பெடியனை மட்டும் தன் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான். “இவன் என்னோட வரட்டும். நான் ரெண்டு வேலை செய்யிறன். வீட்டிலை ஆரேனும் ஒராள் நித்திரை கொள்ளவேணும்.”

தாலி கட்டி முடிந்தது, றொமேஸ் போனான். இனி எப்போது வருவான் என்று ஸ்ரனிஸ்லஸ் கேட்கவில்லை. வள்ளத்து ஆறு பேரும் இனி ஒரே தட்டில் நிற்கப்போவதில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. அதற்காக ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசாமல் இருந்தான். ஒவ்வொருவருக்காக அத்தனை காலம் காத்திருந்தவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

மறுநாள் காலையில் பேணியோடு துறைக்குப் போனான். கூட்டைத் திறந்து சமையற்காரனை ஒரு பக்கமும் சம்மாட்டி பெண்சாதியை மறுபக்கமும் வைத்தான். கொக்கைப் பின்னால் நிறுத்தினான். கடாவுக்கு இடம் காணாது போய், அதைச் சம்மாட்டியின் காலுக்குள் நெருக்கினான். அது வைத்த வேகத்தில் சரிந்து, சூசையப்பரின் போர்வை நுனியை வாயில் கவ்வினதுபோல் நின்றது. நேராக்கக் கையை நீட்டியபோது பின்னால் அற்புதம் வந்து நின்றது தெரிந்தது.

அவள் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். சமையற்காரனைப் பார்த்தாள், கொக்கைப் பார்த்தாள், கடாவைக் கண்டாள். அவள் உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்து ஸ்ரனிஸ்லஸ் பதறினான். அற்புதம் சிரித்தாள். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்தியும் அடங்காமல், பூவரச மரத்தைப் பிடித்துக்கொண்டு, உடம்பு குலுங்கச் சிரித்தாள். எட்டு வருசமாக அந்தப் பெண் சிரித்து அந்தத் துறையில் ஒருவரும் கண்டதில்லை. வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“கடாவை எடுக்காதை தம்பி” என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டு. “அப்பிடியே நிக்கட்டும்.”

ஸ்ரனிஸ்லஸ் கையை எடுத்துக்கொண்டான்.